பனியில் வழுக்கும் தோட்ட டிராக்டருக்குச் சக்கர எடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடையில் புல் வெட்டும் சின்ன டிராக்டரையே குளிர்காலத்தில் பனி தள்ளவும் வைத்திருப்பவர்கள் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எஞ்சின் ஓடுகிறது, பின்சக்கரம் சுற்றுகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. "பின்னாடி கொஞ்சம் எடை போடு, சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அது பாதி உண்மை. எவ்வளவு எடை, எங்கே, எதனுடன் சேர்த்து என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

எடை போட்டால் பிடிப்பு ஏன் கூடுகிறது?

டயருக்கும் தரைக்கும் இடையே கிடைக்கும் பிடிப்பு, அந்த டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும், தரை எவ்வளவு பிடி கொடுக்கிறது என்பதைக் காட்டும் உராய்வுக் கெழு என்ற எண்ணையும் பெருக்கி வருவது. காய்ந்த தார்ச்சாலையில் ரப்பருக்கு உராய்வுக் கெழு 0.7, 0.8 என்று இருக்கும். மிதிபட்டு இறுகிய பனியில் 0.2 முதல் 0.3 வரை. வழவழப்பான பனிக்கட்டியில் 0.1, அதற்கும் கீழே.

ஒரு கணக்குப் போடுவோம். ஓட்டுபவரையும் சேர்த்து 380 கிலோ உள்ள வண்டி. அதில் 250 கிலோ பின்சக்கரங்களில் இறங்குகிறது. இறுகிய பனியில் கெழு 0.25 என்றால் வண்டியால் இழுக்கவோ தள்ளவோ முடிவது 62 கிலோ அளவு. இரண்டு சக்கரத்திலும் 23 கிலோ வீதம் 46 கிலோ இரும்பு மாட்டினால் அது 74 கிலோ ஆகும். அதாவது 46 கிலோ இரும்பு தூக்கி மாட்டியதற்குக் கூலி 12 கிலோ தள்ளுவிசை. பனிக்கட்டி மேல் இதே இரும்பு 5 கிலோகூடத் தராது.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தால் எடையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்க மாட்டோம்.

அப்படியானால் எடையா, சங்கிலியா? ஒன்றுக்குத்தான் வசதி என்றால் எது?

சங்கிலி, அதாவது டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எடை, பெருக்கலில் ஒரு எண்ணை மட்டும் கூட்டுகிறது. சங்கிலி மாற்றுவது இன்னொரு எண்ணை: அது பனியைக் கடித்துப் பிடிக்கிறது. மேலே சொன்ன வண்டியில் எடை ஏதும் இல்லாமல் சங்கிலி மட்டும் போட்டு, கெழு 0.25-லிருந்து 0.4 ஆனது என்று வைத்துக்கொண்டால், 62 கிலோ நேராக 100 கிலோ ஆகிறது. அதன்மேல் 46 கிலோ எடையும் ஏற்றினால் 118. சங்கிலி வந்த பிறகுதான் எடைக்கு முழு மதிப்புக் கிடைக்கிறது. சங்கிலியின் பற்களைப் பனிக்கட்டிக்குள் அழுத்தி இறக்குவதே அந்த எடைதானே.

சங்கிலி வாங்கும்போது குறுக்குச் சங்கிலிகளின் இடைவெளியைப் பாருங்கள். பக்கச் சங்கிலியில் இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி வருவது ஒரு வகை, நான்கு கண்ணிக்கு ஒன்று வருவது இன்னொரு வகை. இரண்டு கண்ணி வகையில் எப்போதும் ஏதாவது ஒரு குறுக்குச் சங்கிலி தரையில் இருக்கும். நான்கு கண்ணி வகையில் ஒன்று விட்டு அடுத்தது வரும்வரை வெறும் ரப்பர்தான் தரையைத் தொடும். வண்டி குதித்துக் குதித்துப் போகும். விலை குறைவு என்று நான்கு கண்ணியை வாங்கிவிட்டு வருந்துபவர்கள் நிறைய.

மாட்டியதும் சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த சங்கிலி மட்கார்டையும் பிரேக் கம்பியையும் அறுத்துவிடும். சிமெண்டுத் தளத்திலும் அழகுக்காகப் பதித்த கல் தரையிலும் இரும்புச் சங்கிலி கீறல் விழவைக்கும். அங்கே ரப்பர் சங்கிலி போடலாம்.

புல்வெளி டிராக்டருக்கும் தோட்ட டிராக்டருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் ஒரே எடைதானா?

இல்லை. கேட்பவர்கள் குறைவு என்றாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிபோல இருக்கும். புல்வெளி டிராக்டர் 200 கிலோ சுற்றளவில் இருக்கும் லேசான வண்டி. அதன் வேலை புல் வெட்டுவதோடு முடிகிறது. தோட்ட டிராக்டர் கலப்பை இழுக்க, மண் தள்ள என்றே கட்டப்பட்டது: தடித்த சட்டம், பெரிய பின்சக்கரம், கனமான கியர்பெட்டி. கப் கேடட், ஜான் டீர் 110 என்ற முன்னோடித் தோட்ட டிராக்டர்கள் முறையே 1961-லும் 1963-லும் வந்த காலத்தில் அவற்றைச் சிறு பண்ணை வண்டி என்றே எண்ணினார்கள். அந்த வயதான வண்டிகளில் பல இன்னமும் பனி தள்ளிக்கொண்டிருக்கின்றன.

கியர்பெட்டிதான் இங்கே முக்கியம். விலை மலிவான வண்டிகளில் வரும் லேசான ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டிக்கு (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் கியர்பெட்டி), சக்கரம் வழுக்குவது ஒரு ஃபியூஸ் மாதிரி. சுமை அளவு மீறும்போது சக்கரம் சுற்றிவிடுகிறது, பெட்டி தப்பிக்கிறது. நீங்கள் எடையும் சங்கிலியும் போட்டு வழுக்கலை நிறுத்திவிட்டால் அந்த ஃபியூஸைக் கழற்றிக் கம்பியால் நேரடியாக இணைத்த கதைதான். இனி சூடாவது உள்ளிருக்கும் எண்ணெய். எண்ணெய் சூடேறி நீர்த்துப்போனால் அழுத்தம் கசியும்; அரைமணி நேரம் ஓட்டிய பிறகு மேட்டில் வண்டி முனகிக்கொண்டே மெதுவாகி நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். இப்படி இரண்டு மூன்று குளிர்காலம் ஓட்டினால் பெட்டியே போய்விடும்.

எனவே வண்டியின் கையேட்டைத் திறந்து, பின்சக்கர எடைக்கும் டயரில் திரவத்துக்கும் அனுமதி உண்டா, எவ்வளவு வரை என்று பாருங்கள். "கூடாது" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் காரணம் மேலே சொன்னதுதான். அந்த வண்டிக்கு எடை ஏற்றாமல், சங்கிலி மட்டும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பனியை எடுப்பதே நல்லது.

முன்னால் ஸ்னோ ப்ளோயர் (பனியை அள்ளி வீசும் கருவி) மாட்டியதிலிருந்து அதிகமாக வழுக்குகிறது. வண்டி இன்னும் கனமாகத்தானே ஆகியிருக்கிறது?

வண்டி கனமாகிவிட்டது, பின்சக்கரம் லேசாகிவிட்டது. ஏற்றப் பலகையில் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்புவது போலத்தான்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 120 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 90 கிலோ ஸ்னோ ப்ளோயரின் எடை மையம் முன் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் தொங்குகிறது. அதைத் தரையிலிருந்து தூக்கியதும் முன்சக்கரங்களின் மேல் ஏறுவது 90 கிலோ அல்ல, 135 கிலோ. கூடுதல் 45 கிலோ எங்கிருந்து வந்தது? பின்சக்கரத்திலிருந்து பிடுங்கப்பட்டது. 250 கிலோ இருந்த இடத்தில் இப்போது 205 தான்.

இனி பின்சக்கரங்களில் 46 கிலோ எடை மாட்டினால் என்ன ஆகும்? பழைய நிலைக்குத் திரும்புவீர்கள், அவ்வளவே. "எடை போட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர் இந்த நிலையில் இருப்பவர்கள்.

பனி தள்ளும் பிளேடோ ப்ளோயரோ தரையில் இறங்கி மிதக்கும்போது அதன் எடையைத் தரை தாங்கிக்கொள்ளும், இழப்பு குறையும். ஆகவே தூக்கிவைத்தபடி பின்னோக்கி மேடேறும்போதுதான் சிக்கல் உச்சத்தில் இருக்கும்.

அப்படியானால் சக்கரத்தில் மாட்டுவதைவிட வண்டிக்குப் பின்னால் தொங்கவிடுவது நல்லதா?

முன்னால் கனமான கருவி இருந்தால், கிலோவுக்குக் கிலோ பார்த்தால், ஆம்.

அதே நெம்புகோல் இப்போது நமக்கு வேலை செய்யும். பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் ஒரு சட்டம் வைத்து 60 கிலோ தொங்கவிட்டால் பின்சக்கரத்தில் 90 கிலோ ஏறும். முன்சக்கரத்திலிருந்து 30 கிலோ குறையும். ப்ளோயர் முன்னால் ஏற்றிய சுமையில் கொஞ்சத்தைத் தூக்கிவிடுவதால் ஸ்டியரிங்கும் இலகுவாகும்.

ஆனால் இந்த எடை முழுவதும் அச்சு, பேரிங், கியர்பெட்டி உறை ஆகியவற்றின் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. சக்கரத்திலேயே மாட்டிய எடையோ டயருக்குள் ஊற்றிய திரவமோ அப்படியல்ல. ரிம்மிலிருந்து டயர், டயரிலிருந்து தரை என்று நேராக இறங்கிவிடும். அச்சின் முதுகில் ஏறாது. லேசான வண்டிகளுக்குச் சக்கர எடையைப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

முன்னால் ஒன்றும் மாட்டாமல் பின்னால் மட்டும் நிறையத் தொங்கவிட்டால் முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போய்க்கொண்டிருக்கும். மேட்டில் முன்பக்கம் எழும்பவும் கூடும். ப்ளோயரைக் கழற்றும்போது பின் எடையையும் கழற்றிவிடுவதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எடைக்காகப் பிள்ளையைப் பின்னால் கொக்கியில் ஏறி நிற்கச் சொல்லும் பழக்கம் உண்டு. வழுக்கி விழுந்தால் சங்கிலி போட்ட சக்கரம் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டாம்.

சக்கரத்தில் மாட்ட என்னென்ன கிடைக்கும்?

வார்ப்பிரும்புத் தட்டுதான் முதல் தேர்வு. ரிம்மின் குழிவுக்குள் அடங்கும் வடிவில் வரும். போல்ட் துளைகள் ஒத்துப்போகும். ஒன்று 11 கிலோ, 23 கிலோ என்ற அளவுகளில் அதிகம் கிடைக்கும். பழையது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் புதிதுதான். இரும்பில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

பிளாஸ்டிக் கூட்டுக்குள் கான்கிரீட் அடைத்தது அடுத்தது. மலிவு, ஆனால் இடத்தை அடைக்கும். இரும்பின் அடர்த்தி கான்கிரீட்டைப் போல மூன்று மடங்கு. 30 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. தடிப்பும் உள்ள ஒரு வட்டு கான்கிரீட்டில் 17 கிலோ. வார்ப்பிரும்பில் 50 கிலோ. அதனால் கான்கிரீட்டில் எடை வேண்டுமென்றால் அது ரிம்மைவிட்டு வெளியே துருத்தும், சுவரில் இடிக்கும். வீட்டிலேயே வார்ப்பவர்கள் நடுவில் கம்பிவலை வைத்து, போல்ட் போகும் இடத்தில் குழாய்த் துண்டு பதித்து வார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது குலுக்கலில் விரிசல் விடும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்கப் பயன்படும் இரும்புத் தட்டும் நன்றாக வேலை செய்யும். நடுத்துளை தயாராக இருக்கிறது. ரிம்மில் துளைபோட்டுப் போல்ட் வைக்க வேண்டியது மட்டும்தான் வேலை. தட்டில் 'ரப்பர் பூச்சு' இருந்தால் உள்ளே இரும்புதானா என்று பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் உள்ளே சிமெண்டுதான் இருக்கும்.

டயருக்குள் தண்ணீர் ஊற்றலாமா?

வெறும் தண்ணீர் கூடாது. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும் என்பது ஒரு பக்கம். உறைந்த கட்டி டயருக்குள் அடியில் படுத்துக்கொண்டு, சக்கரம் சுற்றும்போது ஒருபக்கக் கனமாக இடிப்பது இன்னொரு பக்கம். வால்வும் போய்விடும். எனவே உறையாத திரவம் ஏதாவதுதான்.

கால்சியம் குளோரைடு கரைசல் பழைய முறை. 30 விழுக்காடு கரைசல் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 1.28 கிலோ இருக்கும், மைனஸ் 40 டிகிரியிலும் உறையாது. ஆனால் இரும்பை அரித்துத் தின்றுவிடும். டியூப் இல்லாமல் ரிம்மில் நேரடியாக ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். டியூப் போட்டாலும் வால்வருகே கசிந்த ஒரு துளி போதும், ரிம் அங்கிருந்து துருவேறத் தொடங்கும். கரைக்கும்போது உப்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மிகவும் சூடேறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

சர்க்கரை பீட் சாற்றிலிருந்து செய்த திரவம், எடையில் கால்சியம் குளோரைடுக்குச் சமம், அரிக்காது, விஷமில்லை. கையைக் கடிப்பது விலை மட்டும்.

கார் கண்ணாடி துடைக்கும் திரவம் எளிதில் கிடைக்கும், குளிர் தாங்கும். தண்ணீரைவிடச் சற்றே லேசானது. பலவற்றில் இருப்பது மெத்தனால்: விஷம், தீப்பிடிக்கும். ரேடியேட்டர் திரவங்களில் எத்திலீன் கிளைக்கால் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது இனிக்கும், டயர் கசிந்து வழிந்ததை நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. புரொப்பிலீன் கிளைக்கால் வகையில் அந்தப் பயம் மிகக் குறைவு.

எவ்வளவு எடை கூடும்? தோட்ட டிராக்டரில் பரவலாக வரும் 23×10.50-12 அளவுப் பின் டயரில் 35 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். கண்ணாடித் திரவமென்றால் சக்கரத்துக்கு 34 கிலோ, கால்சியம் குளோரைடோ பீட் சாறோ என்றால் 45 கிலோ.

டயரை முழுக்க நிரப்பிவிட்டால் இன்னும் எடை கூடுமே?

கூடும், ஆனால் நிரப்பக் கூடாது. நாலில் மூன்று பங்குக்கு மேல் போகாதீர்கள். திரவம் அமுங்காது; அமுங்குவதற்குக் காற்று வேண்டும். முழுக்க நிரப்பிய டயர் கல்லில் ஏறினால் கல் மாதிரியே திருப்பி அடிக்கும்.

அளவு பார்க்கத் தனிக் கருவி ஒன்றும் தேவையில்லை. ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். வால்வின் உள்முனை வரை திரவம் வந்தால் நாலில் மூன்று பங்கு. வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைக் கழற்றிவிட்டு, குழாய் மாட்டி, கொஞ்சம் ஊற்றிக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டு, மறுபடி ஊற்றி என்று போக வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. முடிந்ததும் கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்குக் காற்றடியுங்கள். பின்னாளில் காற்று பார்க்கும்போதும் வால்வு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் அளவியின் மூக்கில் திரவம் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

திரவமா, இரும்பா?

எனக்கு இரும்புதான் பிடிக்கும். பனிக்காலம் முடிந்ததும் கழற்றிவிடலாம். டயரில் ஆணி ஏறினால் சாதாரணப் பஞ்சர். திரவம் இருந்தால் அதே பஞ்சர் 35 லிட்டர் வழிந்த களேபரம். திரவத்தின் பெருமை ஒன்றுதான்: வெளியே துருத்தாது, எங்கும் இடிக்காது. இரும்பு மாட்ட ரிம்மில் வழியே இல்லாத வண்டிக்கு அது கைகொடுக்கும்.

மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்து, முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கடியில் தாங்கி வைக்க வேண்டும்.

23 கிலோ என்பது கையில் தூக்கும்போது பெரிதல்ல. குனிந்துகொண்டு, ஒரு கையால் தாங்கி, மறுகையால் போல்ட் துளையைத் தேடும்போதுதான் அது 50 கிலோ ஆகும். விரல் நசுங்குவதும் அங்கேதான். ஒரு வழி: போல்ட்டைவிட மிக நீளமான திருகுக் கம்பி ஒன்றை முதலில் ரிம்மின் ஒரு துளையில் நீட்டி மாட்டிவிடுங்கள். எடையை அந்தக் கம்பியில் கோத்துத் தள்ளினால் அது தானாகவே இடத்துக்குப் போகும். பிறகு மற்றத் துளைகளில் போல்ட் போட்டுவிட்டு, கடைசியில் கம்பியை எடுத்து அங்கேயும் போல்ட் போடலாம்.

போல்ட் 8.8 தரத்துக்கு (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) குறையாமல் இருக்கட்டும். ரிம்மின் தகடு மெல்லியது. உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து, தளராத நட்டால் இறுக்குங்கள். நட்டுக்கு வெளியே நீட்டும் திருகு பிரேக்கையோ கியர்பெட்டியையோ தொடுகிறதா என்று சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி இறுக்குங்கள். பெயிண்டின் மேல் இறுகிய போல்ட், பெயிண்ட் நசுங்கியதும் தளர்ந்துவிடும். ஓரிரு வாரம் கழித்து எங்கிருந்தோ "டக் டக்" என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது, மற்றது சும்மா நிற்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் எடை போடலாமா?

போட்டால் அடுத்த திருப்பத்தில் மற்றது சுற்றும். திருப்பத்தில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே முறுக்கு விசையைத்தான் அனுப்பும். எது முதலில் வழுக்குகிறதோ, அதனால் தாங்க முடிந்த அளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். ஆகவே எடையும் சங்கிலியும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். டிஃபரன்ஷியல் பூட்டு மிதி உள்ள வண்டியென்றால் நேராகப் போகும்போது மட்டும் மிதியுங்கள். பூட்டியபடி திருப்பினால் வண்டி நேரே போகும், பற்சக்கரம் வதைபடும்.

வயல் டிராக்டர் போல ஆழமான பட்டை டயர் போட்டால் எடை தேவையில்லையா?

சேற்றுக்கு அது ராஜா. பனிக்கட்டியில் அப்படியல்ல: அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ரப்பர் பட்டைகள் மட்டுமே தரையைத் தொடுவதால் இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும் வழுக்கும். சின்னச் சின்னக் கட்டங்கள் நிறைந்த புல்வெளி டயர் சில நேரம் அதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆழமான புதுப்பனியில் பட்டை டயர் தேவலாம்.

எடையும் போட்டேன், சங்கிலியும் போட்டேன். அப்படியும் நின்றுவிடுகிறது. ஏன்?

இறங்கி, குனிந்து, வண்டியின் வயிற்றைப் பாருங்கள். பனி அடியில் அமுங்கி இறுகி, சட்டம் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். வண்டியின் எடையைச் சக்கரம் தாங்காமல் பனி தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் இன்னும் 100 கிலோ ஏற்றினாலும் பயனில்லை. மண்வெட்டியால் அடியைத் தோண்டி எடுப்பதே வழி. புல்வெட்டும் தட்டைக் கழற்றாமல் பனியில் இறங்குபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அது வயிற்றில் தொங்கி, உயரத்தைப் பாதியாக்கிவிடும். தட்டைக் கழற்றுவதால் கொஞ்சம் எடை போகும், போகட்டும்.

இன்னொரு காரணம், பிளேடில் ஒரே தடவையில் நிறையத் தள்ளப் பார்ப்பது. பிளேடு தள்ளிக்கொண்டே போக வேண்டும். குவியல் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். ஸ்னோ ப்ளோயர் பனியைத் தின்று வெளியே வீசிவிடுவதால் அதற்கு முன்னோக்கிய தள்ளுவிசை குறைவாகவே தேவை. பிளேடு வைத்திருப்பவர்கள் பனி விழ விழ, குறைவாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. பிளேடைச் சாய்த்து வைத்தால் முன்பக்கம் பக்கவாட்டில் நழுவும். அதற்குப் பின் எடை மருந்தல்ல. முன்சக்கரத்தில் கொஞ்சம் எடையோ, நீளவாட்டில் வரி உள்ள முன் டயரோ உதவும்.

மேடு பள்ளம் உள்ள இடத்தில் கூடுதல் எடை நல்லதா?

பாதி நல்லது. எடையையும் சேர்த்துத்தானே மேலே தூக்க வேண்டும்? முதலில் சொன்ன 380 கிலோ வண்டி 10 டிகிரி சரிவில் ஏற, வேறு எதையும் தள்ளாமலே 66 கிலோ விசை வேண்டும், இருப்பது 62. எடை போட்டபின் வேண்டியது 74, இருப்பதும் கிட்டத்தட்ட அதுவே. மூக்கு மேலே பார்த்து ஏறும்போது பாரம் பின்பக்கம் சாய்வதால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். பின்னோக்கி ஏறினால் அதுவும் போய்விடும்.

இறங்குவதில்தான் ஆபத்து. இந்த வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் பின்சக்கரத்தில் மட்டுமே. கனமான வண்டி வேகம் பிடித்துவிட்டால் நிறுத்துவது கடினம். பல கையேடுகள் காய்ந்த புல்லுக்கே 15 டிகிரிதான் எல்லை என்கின்றன. பனியில் அதன் அருகேகூடப் போகாதீர்கள். குறுக்காகவும் ஓட்ட வேண்டாம். நேராக மேலே, நேராகக் கீழே, மெதுவாக.

மணல் மூட்டை வைத்தால் போதாதா?

போதும், அசையாமல் கட்டிவைத்தால். பின்னால் ஒரு பெட்டி அடித்து அதற்குள் வையுங்கள். மூட்டை ஈரம் குடித்தால் உறைந்து பாறையாகிவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டுங்கள். சிக்கிக்கொண்டால் ஒரு பையைப் பிரித்து இரண்டு கை மணலைச் சக்கரத்தடியில் தூவலாம். இந்த வசதி இரும்பில் கிடையாது.

கோடையில் எடையை அப்படியே விட்டுவிடலாமா?

கழற்றிவிடுங்கள். ஈரமான புல்வெளியில் கனமான சக்கரம் தடம் பதிக்கும், மண்ணை இறுக்கும், திரும்பும் இடத்தில் புல்லை வேரோடு முறுக்கும். கழற்றும் நாளிலேயே போல்ட் திருகுகளில் கொஞ்சம் கிரீஸ் தடவி, வாஷர்களோடு ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை எடையின் மேலேயே வைத்துவிடுங்கள். முதல் பனி விழும் இரவில், விளக்கு வெளிச்சத்தில், விறைத்த கையோடு எட்டு போல்ட்டைத் தேடும் வேலை மிச்சம்.